வாசலில் விட்ட கைத்தடி

31.3.1997: ஊன ஓய்வூதியம், 30 சதவீதம். மாதம் ரூ. 465. அகவிலைப்படி தனி.
9.8.2005: சென்னை போய்வந்த செலவு ரூ. 412.
6.12.2005: ஊன ஓய்வூதியம் ரூ. 0.
20.2.2006: முதல் மேல்முறையீடு. தட்டச்சு, தபால் ரூ. 64.
11.6.2007: இரண்டாம் மேல்முறையீடு. தட்டச்சு, தபால் ரூ. 71.
19.7.2010: வழக்கு. ரூ. 7,350.
21.2.2012: சென்னை போய்வந்த செலவு ரூ. 1,136.

எல்லாம் கெட்டது இந்தக் கணக்கின் இரண்டாவது வரியில். ஆனால் அன்று காலை, சென்னையில் ஒரு ராணுவ மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மர பெஞ்சில் உட்கார்ந்திருந்த மலர்க்கொடிக்கு அது தெரியாது. அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். உள்ளே போன அவள் கணவர் சடையப்பன், அதிகாரிகள் முன் நின்று பூட்ஸ் காலைத் தரையில் அறைந்த சத்தம் மூடிய கதவைத் தாண்டிக் கேட்டது. பதான்கோட்டில் குடியிருந்த காலத்தில் அணிவகுப்பு மைதானத்தில் கேட்ட அதே சத்தம். பட்டாளத்தை விட்டு எட்டு வருஷம் ஆகியும் மனிதர் மாறவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தக் கதவோரம் சுவரில் நாலைந்து கைத்தடிகள் சாய்ந்திருந்தன. தங்கள் ஊனத்தை மறுபடி அளந்து சொல்லுங்கள் என்று கேட்டு வந்த முன்னாள் சிப்பாய்களுடையவை அவை. பெயர் கூப்பிட்டதும் ஒவ்வொருவரும் தடியைச் சுவரில் வைத்துவிட்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, நிமிர்ந்து உள்ளே போனார்கள். வெளியே வந்ததும் சுவரைத் தடவித் தடியைத் தேடினார்கள். அதிகாரி முன் தடியோடு நிற்கக் கூடாது என்று சட்டம் ஏதும் இல்லை. இருந்தாலும் சீருடையில் பதினைந்து இருபது வருஷம் இருந்தவர்களுக்கு அது கூசியது.

சடையப்பனுக்கும் அப்படித்தான். புவனகிரிக்குப் பக்கத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, 1980இல் பட்டாளத்தில் சேர்ந்து, லாரி ஓட்டியவர். 1994இல் சிக்கிம் மலைப்பாதையில் மண் சரிந்து, அவர் ஓட்டிய வண்டி பள்ளத்தில் உருண்டது. இடது முழங்கால் நசுங்கியது. அதன் பிறகு மூன்று வருஷம் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்து வைத்திருந்து, நாயக் பதவியில் ஓய்வு கொடுத்தார்கள். முப்பது சதவீத ஊனம், ஆயுளுக்கும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு ஒரு விதி உண்டு. ஆயுளுக்கும் என்று எழுதியதை அரசாங்கம் தானாகத் தொடாது. சிப்பாயே மறுபடி பாருங்கள் என்று கேட்டால் மட்டும் மறுபடி பார்ப்பார்கள். அப்போது கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம்.

கேட்கச் சொன்னது மலர்க்கொடி.

கடலூரில் தேவனாம்பட்டினம் போகும் சாலையில் அவர்களுக்குச் சின்ன வீடு இருந்தது. 2004 டிசம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் வாங்கக் கரைக்குப் போனார்கள். கடல் எழுந்து வந்தபோது எல்லாரும் ஓடினார்கள். சடையப்பனால் ஓட முடியவில்லை. மலர்க்கொடி அவர் இடுப்பு பெல்ட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனாள். ஒரு விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருவரும் பிழைத்தார்கள். அந்த இழுப்பில் பழைய முழங்கால் மறுபடி திருகிக்கொண்டது. அதன் பிறகு அந்தக் காலைப் பாதிக்கு மேல் மடக்கினால் உயிர் போகிற வலி. அதன் பிறகு அவளாலும் அந்த வீட்டில் தூங்க முடியவில்லை. வீட்டை வந்த விலைக்கு விற்றுவிட்டு, சிதம்பரத்தில் அவள் தம்பி கலியமூர்த்தியின் வீட்டுக்குப் பக்கத்தில் வாடகைக்குக் குடிவந்தார்கள். கால் இவ்வளவு மோசமாகிவிட்டதே, சதவீதத்தைக் கூட்டிக் கேட்டால் என்ன என்று அவள்தான் அவரை நச்சரித்து மனு போட வைத்தாள்.

ஆகவே அந்த ஆகஸ்ட் மாதத்தில் பூட்ஸ் சத்தத்தைக் கேட்டு அவள் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்த சடையப்பன், டாக்டர் சாகிப் கை கொடுத்தார் என்று சிரித்தார். ஆட்டோவில் ஏறும்போது காலை உள்ளே இழுக்க முடியாமல் வெளியே நீட்டிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்து மூன்று நாள் படுத்த படுக்கை. முழங்கால் பலாக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே அவள் கேட்டாள், உள்ளே என்னதான் நடந்தது என்று.

"நடன்னாரு, நடந்தேன். பைட்டோன்னாரு, குந்துனேன். எழுந்திருன்னாரு, எழுந்துட்டேன்."

"வலிக்குதான்னு கேக்கலியா?"

"கேட்டாரு. டீக் ஹை சாப்னு சொன்னேன்."

டீக் ஹை என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பட்டாளத்தில் எந்த அதிகாரி எதைக் கேட்டாலும் முதலில் வாயில் வருவது அதுதான். மலர்க்கொடியின் கை ஒத்தடத் துணியோடு அப்படியே நின்றுவிட்டது. வீட்டில் கக்கூஸுக்குப் போகப் பிளாஸ்டிக் நாற்காலியில் ஓட்டை போட்டு வைத்துக்கொண்டிருக்கிற மனிதர், மூன்று டாக்டர்கள் முன்னால் குந்தி எழுந்துவிட்டு வந்திருக்கிறார்.

டிசம்பரில் கடிதம் வந்தது. நடை இயல்பாக உள்ளது, குந்தி எழுவதில் சிரமம் இல்லை, வலி இல்லை என்று மனுதாரரே கூறுகிறார், ஊனம் பதினைந்து சதவீதம். இருபதுக்குக் கீழே போனால் ஊன ஓய்வூதியம் ஒரு பைசாவும் கிடையாது. கூட்டிக் கேட்கப் போய், இருந்ததும் போயிற்று.

கலியமூர்த்தி சிதம்பரத்தில் நீதிமன்றத்துக்கு எதிரே தட்டச்சுக் கடை வைத்திருந்தான். கடிதத்தைப் படித்துவிட்டுச் சடையப்பனைப் பார்த்துக் கேட்டான்.

"ஏன் மாமா, நீங்க மெடிக்கலுக்குப் போனீங்களா, ஆளெடுக்கறதுக்குப் போனீங்களா?"

"ஆபீஸர் சொன்னா செய்யணும் மச்சான்."

"நல்ல வேள, மரத்துல ஏறுன்னு சொல்லாம வுட்டாரு."

மலர்க்கொடி சிரிக்கவில்லை. போனது பணம் மட்டும் என்றால் அவள் எப்படியோ சமாளித்திருப்பாள். அந்தப் பணத்தை ஈடுகட்ட சடையப்பன் மேலவீதியில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் காவலுக்குச் சேர்ந்தார். வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்து சலாம் போட வேண்டும். கடை திறந்ததிலிருந்து மூடும்வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். முதலாளி ஒரு ஸ்டூல் போடச் சொல்லியும் அவர் உட்காரவில்லை. காவலுக்கு நிற்கிறவன் உட்காரலாமா என்றார். இப்படியே நின்றால் இரண்டு மூன்று வருஷத்தில் மூட்டு முழுசாக இறுகிவிடும், பிறகு கத்தி வைத்தாலும் சரியாகாது என்று எலும்பு டாக்டர் அவளிடம் தனியாகச் சொன்னார். அந்த மனிதர் உட்கார வேண்டும். அவர் உட்கார வேண்டுமானால் அந்த ஓய்வூதியம் திரும்ப வர வேண்டும். அவள் புரிந்துகொண்டது அவ்வளவுதான்.

கடலூரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரித்துக்கொண்டு வந்து, முதல் மேல்முறையீட்டைக் கலியமூர்த்தி தட்டச்சு செய்தான். மருத்துவக் குழு சரியாகப் பரிசோதிக்காமல் அவசரமாக எழுதிவிட்டது என்று ஒரு வரி போட்டிருந்தான். அந்த வரி இல்லாமல் மேல்முறையீடே இல்லை என்பது அவன் கட்சி. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்த சடையப்பன், அந்த வரியை மட்டும் நேராகக் கோடு போட்டு அடித்தார்.

"டாக்டர் சாப் பாத்தத எழுதுனாரு. அவரு பொய் எழுதலியே."

"அப்ப நீங்க குந்துனது?"

"நான் குந்துனது நெசம்தான?"

அந்த நிஜத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கலியமூர்த்திக்குத் தெரியவில்லை. மேல்முறையீட்டில் மிஞ்சியது, கால் வலிக்கிறது, கருணை காட்டவும் என்கிற அளவுதான். பதினோரு மாதம் கழித்துப் பதில் வந்தது. மனுதாரர் தானே வலி இல்லை என்று கூறியுள்ளார், குழுவின் முடிவில் தலையிட முகாந்திரம் இல்லை. இரண்டாம் மேல்முறையீடு அதைவிட மேலிடத்துக்குப் போனது. அங்கிருந்தும் அதே வாசகம் திரும்பி வந்தது. அதற்குள் சடையப்பன் மாடிப்படி ஏறுவதை விட்டிருந்தார். பேருந்தில் காலை நீட்ட இடம் இருந்தால் மட்டும் ஏறினார். வீட்டுக்குள் மட்டும் ஒரு மூங்கில் தடியை ஊன்றிக்கொண்டார். தெருவில் கால் வைக்கும் முன் அது வாசல் நிலைக்குப் பக்கத்தில் நின்றுவிடும்.

ராணுவத்தினர் வழக்குகளுக்கென்றே சென்னையில் தீர்ப்பாயம் ஒன்று திறந்திருக்கிறார்கள் என்று 2010இல் கலியமூர்த்தி கேள்விப்பட்டான். அங்கே வழக்காடும் காயத்ரி என்கிற வக்கீலிடம் இருவரையும் கூட்டிப்போனான். சின்ன வயசுப் பெண். காகிதங்களை எல்லாம் புரட்டிவிட்டு, குழு அறைக்குள் என்ன நடந்தது என்று கேட்டார். சடையப்பன் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலர்க்கொடி சொன்னாள். குந்தியது, வீங்கியது, ஓட்டை போட்ட நாற்காலி, நிலையோரத் தடி, எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முன்னாலேயே வேற்று மனிதரிடம் அவள் அதைச் சொல்வது அதுவே முதல் தடவை.

திரும்பி வரும் பேருந்து புதுச்சேரியைத் தாண்டியது. சடையப்பன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அந்தப் பொண்ணு முன்னாடி என்ன நொண்டின்னு சொல்லிட்ட."

"ஆமா, சொன்னேன்" என்றாள். 

வழக்கு ஒரு வருஷத்துக்கு மேல் நடந்தது. காயத்ரி டாக்டரைக் குறை சொல்லவே இல்லை. விபத்துக்குப் பிறகு எடுத்த எக்ஸ்ரே படத்தையும், கடல் வந்த பிறகு கடலூரில் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எலும்பு மோசமாகியிருக்கும்போது நடை மட்டும் எப்படி நன்றாகும் என்று கேட்டார். புதிய மருத்துவக் குழு ஒன்று, முன்பு பார்த்தவர்கள் இல்லாமல், மறுபடி பார்க்கட்டும் என்று உத்தரவு வந்தது. கலியமூர்த்தி ஒரு பொட்டலம் அல்வா வாங்கி வந்தான். ஆனால் காயத்ரி தொலைபேசியில் மலர்க்கொடியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"அம்மா, இதுதான் கடைசி. இந்த போர்டும் இருபதுக்குக் கீழ எழுதிட்டா, அதுக்கு மேல போய்க் கேக்க எனக்கு வழி இல்ல. சார் உள்ள எப்படி நிக்கறாருங்கறதுலதான் எல்லாம் இருக்கு."

அந்த நாள் நெருங்க நெருங்க மலர்க்கொடிக்குச் சோறு இறங்கவில்லை. அவரோ பெட்டிக்கு அடியில் இருந்து பூட்ஸை எடுத்துவிட்டார். முதல் நாள் சாயந்திரம் வாசலில் உட்கார்ந்து, துணியைச் சுட்டுவிரலில் சுற்றிக்கொண்டு, மெழுகைத் தேய்த்து முகம் தெரிகிற மாதிரி ஏற்றினார். பதக்கங்களைத் துடைத்து வைத்தார். முடிதிருத்தும் கடைக்கும் போய் வந்திருந்தார்.

"செருப்பு போட்டுக்கிட்டு வாங்களேன்" என்றாள்.

"செருப்போட ஆபீஸர் முன்னாடியா?"

"தடியாவது எடுத்துக்குங்க."

அவர் துணியைக் கீழே வைத்தார். கோபம் வந்தால் அவர் குரல் உயராது, தாழ்ந்துவிடும்.

"நடிக்கச் சொல்றியா நீ? பதினேழு வருசம் சர்வீஸ் பண்ணவன், அங்க போயி நொண்டிக் காட்டி காசு கேக்கணுமா?"

பதினெட்டு வருஷத்துக் கோபம் அவளுக்கும் இருந்தது. அது அவர் மேலா, தன் மேலா, மலைச்சரிவின் மேலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

"வூட்ல நொண்டுறீங்களே, அது நடிப்பா? எனக்குக் காட்டறதுதான் நெசம். அங்க போயி நிமிந்து நின்னீங்களே, அதுதான் நடிப்பு. அந்தப் பொய்யத்தான் அந்த டாக்டரு நெசம்னு நம்பி எழுதிட்டாரு."

அவர் துணியை மடித்தார். மெழுகு டப்பாவை மூடினார். மறுபடி திறந்து, இரண்டாவது பூட்ஸைத் தேய்க்க ஆரம்பித்தார். நாளைக்கும் அதே கதைதான் என்று அவள் தீர்மானித்துவிட்டாள்.

விடிந்து கிளம்பும்போது நிலையோரம் இருந்த மூங்கில் தடியை அவளே எடுத்துக்கொண்டாள். அவர் பார்த்துவிட்டு முன்னால் நடந்தார்.

அதே மருத்துவமனை. வேறு தாழ்வாரம். ஆனால் கதவோரம் அதே மாதிரி தடிகள் சாய்ந்திருந்தன. பெஞ்சில் முந்திரி வியாபாரம் செய்யும் பண்ருட்டிக்காரர் ஒருவர், ரொம்ப மூத்தவர், ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தார். எந்த ஊர், எந்த ரெஜிமெண்ட் என்றெல்லாம் சடையப்பனிடம் விசாரித்தார். அவர் பெயரைக் கூப்பிட்டதும் ஊன்றுகோலை மலர்க்கொடியிடம் நீட்டினார்.

"இத கொஞ்சம் புடிம்மா. உள்ள போனா நமக்கு எல்லாம் சரியாயிடும். வெளிய வந்தாத்தான் நோவு."

அவர் சிரித்துக்கொண்டே போனார். கதவு மூடியது. தரையில் கால் அறையும் சத்தம். கிழவர், பாவம், அதுவும் தேய்ந்துபோன சத்தம். வெளியே வந்தபோது முகமெல்லாம் வியர்வை. ஊன்றுகோலை வாங்கி ஊன்றியபடி பெஞ்சில் உட்கார்ந்தார். என்ன சொன்னார்கள் என்று மலர்க்கொடி கேட்டாள். எல்லாம் நல்லபடியா சொல்லிட்டேம்மா என்றார். 

சடையப்பனைக் கூப்பிட்டார்கள்.

அவர் எழுந்தார். அவள் தடியை நீட்டினாள். வாங்கிக்கொண்டார். கதவு வரைக்கும் ஊன்றிக்கொண்டே போனார். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். கதவுக்கு முன்னால் நின்றார். டையைச் சரிசெய்தார். தடியை மற்றத் தடிகளோடு சுவரில் சாய்த்தார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

கதவு மூடியது.

மலர்க்கொடி முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள். அந்தச் சத்தம் மட்டும் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள்.

வந்தது. காலைத் தரையில் அறையும் பழைய அதே சத்தம். தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. ஒரு காலத்தில் எந்தச் சத்தத்தில் அவள் மனசு நிறைந்ததோ, அதே சத்தத்தில் இப்போது இருந்த நம்பிக்கையும் போயிற்று. முடிந்தது என்று நினைத்தாள். ஆறு வருஷ அலைச்சல், தம்பியின் தட்டச்சு, அந்த வக்கீல் பெண்ணின் உழைப்பு, எல்லாம் முடிந்தது. நாளைக்கு மறுபடி ஜவுளிக்கடை வாசல்.

உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. பெயர், எண், ஊர். காகிதம் புரட்டும் ஓசை. நடக்கும் காலடி ஓசை, போய், திரும்பி வந்தது. பிறகு ஒரு பெண் குரல், அதிகாரிக் குரல், மரியாதையாகத்தான் சொன்னது.

"பைட்டோ."

ஓசையே இல்லை. மலர்க்கொடி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இறங்குகிறார் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த வலி தன் முழங்காலில் ஏறுவதுபோல் இருந்தது. அந்தப் பெண் குரல் மறுபடி, கொஞ்சம் உரக்க, அதையே சொன்னது.

அப்புறம் அவர் குரல் கேட்டது. தாழ்ந்த குரல். ஆனால் தெளிவாக இருந்தது.

"நஹீ ஹோகா, சாப்."

முடியாது என்று அர்த்தம். பதான்கோட்டில் அவருடன் குடித்தனம் நடத்திய காலத்தில், பக்கத்து வீட்டு மனிதர்கள் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகப் பேசிக் கேட்டிருக்கிறாள். ஒரு அதிகாரியிடம் ஒரு சிப்பாய் இந்த வார்த்தையைச் சொல்லி அவள் கேட்டதில்லை. அவர் சொல்லுவார் என்று நினைத்ததும் இல்லை.

உள்ளே ஏதோ கேட்டார்கள். அவர் பேசினார். நீளமாகப் பேசினார், இந்தியில், நின்று நின்று. குர்சி, அதாவது நாற்காலி, என்கிற வார்த்தை அவள் காதில் விழுந்தது. அந்த ஓட்டை போட்ட நாற்காலியைப் பற்றித்தான் சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

கதவு திறந்தது. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பையன் தலையை நீட்டி, சுவரில் இருந்த தடிகளைப் பார்த்துவிட்டு, சடையப்பனுடையது எது என்று இந்தியில் கேட்டான். மலர்க்கொடி எழுந்து போய் மூங்கில் தடியை எடுத்துக் கொடுத்தாள். அவன் அதை உள்ளே கொண்டுபோனான்.

பக்கத்தில் இருந்த பண்ருட்டிக்காரர் இன்னும் கிளம்பவில்லை. மூடிய கதவைப் பார்த்தார். தன் ஊன்றுகோலைப் பார்த்தார்.

"தடிய உள்ளயே கேக்கறாங்களா?" என்றார்.

"கேக்கறாங்க ஐயா."

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தன்னை மறுபடி பார்க்கச் சொல்லி யாரிடம் கேட்க வேண்டும் என்று விசாரிக்க, ஊன்றிக்கொண்டே அலுவலக அறைப் பக்கம் போனார்.

சடையப்பன் தடியை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தார். பூட்ஸின் பளபளப்பு அப்படியே இருந்தது. அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, இடது காலை முன்னால் நீட்டிக்கொண்டார்.

"கருவி வச்சி அளந்தாங்க" என்றார். "எவ்ளோ மடங்குதோ அவ்ளோதான் மடக்குனேன்."

"சரி."

"டீ குடிச்சிட்டுப் போலாம். ஒக்காந்து குடிக்கற கடையா பாரு."

ஆறு மாதம் ஒரு தகவலும் இல்லை. ஊருக்குத் திரும்பிய மறுநாளே சடையப்பன் ஜவுளிக்கடை வாசலுக்குப் போனார். முதலாளி போட்ட ஸ்டூலில், கடைக்கு ஆள் வராத நேரத்தில் மட்டும், உட்கார ஆரம்பித்திருந்தார். தபால்காரர் தெருவில் திரும்பும்போதெல்லாம் மலர்க்கொடி வாசலுக்கு வந்துவிடுவாள். கலியமூர்த்தி எதுவும் கேட்பதை நிறுத்திவிட்டான். புதிய குழு என்ன எழுதியது என்று காயத்ரிக்கும் தெரியவில்லை.

கடைசியில் பழுப்பு உறை ஒன்று வந்தது. அவர் அப்போது கடையில் இருந்தார். மலர்க்கொடி அதைப் பிரிக்காமல் மேலவீதிக்கு எடுத்துப் போனாள். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அவர் பிரித்தார். இடது முழங்கால், ஊனம் நாற்பது சதவீதம், ஆயுளுக்கும், நிறுத்திய நாளிலிருந்து நிலுவை வழங்கப்படும். அவர் இரண்டு தடவை படித்தார். வாடிக்கையாளர் ஒருவர் வந்தார், அவரே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். சடையப்பன் எழுந்திருக்கவில்லை.

கடிதம் வந்த தேதி: 17.8.2012, வெள்ளிக்கிழமை.